காவல்துறையைக் கலைத்து ஷெரிஃபிடம் ஒப்படைத்த நகரம்: மேவுட், 2010

லாஸ் ஏஞ்சலஸ் நகர மையத்துக்குத் தென்கிழக்கே சில மைல் தொலைவில் மேவுட் என்ற சிறு நகரம் இருக்கிறது. 2010 ஜூன் மாதக் கடைசியில் அது தன் சொந்தக் காவல்துறையை மூடியது. ஜூலை 1 முதல் அந்தத் தெருக்களைக் காப்பது லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) ஷெரிஃப் துறையின் பொறுப்பானது. ஒரு நகரம் ஏன் இந்த முடிவுக்குத் தள்ளப்பட்டது, ஷெரிஃப் அலுவலகத்திடமிருந்து அது உண்மையில் எதை வாங்கியது, எது அதன் கையை விட்டுப் போனது என்பதை இந்த ஆய்வு வரிசையாகப் பதிவு செய்கிறது. நகரங்களும் அமைப்புகளும் பொதுப் பதிவில் உள்ளவை என்பதால் பெயரோடு வருகின்றன. தனிமனிதர் எவர் பெயரும் இதில் இல்லை.

பின்னணி: ஷெரிஃபின் இடம்

ஷெரிஃப் என்றால் சென்னையில் முன்பு இருந்த கௌரவப் பதவி சிலருக்கு நினைவுக்கு வரலாம். அமெரிக்கக் கவுண்டி ஷெரிஃப் முழு அதிகாரம் கொண்ட காவல் அதிகாரி. அதோடு மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் பதவி அது. கலிஃபோர்னியாவின் அரசியல் சாசனமே அப்படி விதிக்கிறது. நம் மாவட்டக் காவல் கண்காணிப்பாளரைப் போல அவரை யாரும் இடமாற்றம் செய்ய முடியாது. அவருடைய துறைக்கு எவ்வளவு பணம் என்பதைக் கவுண்டியின் மேற்பார்வையாளர் குழு முடிவு செய்யும். ஆனால் ஒரு குற்றத்தை எப்படி விசாரிப்பது என்று அந்தக் குழு அவருக்கு உத்தரவிட முடியாது. லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் தகுந்த காரணத்தின் பேரில் ஷெரிஃபைப் பதவியிலிருந்து நீக்கும் அதிகாரம் மேற்பார்வையாளர்களுக்கு வந்ததே 2022 நவம்பரில், வாக்காளர்கள் அதற்கு ஒப்புதல் தந்த பிறகுதான். அதற்கும் ஐந்தில் நான்கு பங்கு வாக்கு வேண்டும்.

அவருடைய வேலையில் சில, சட்டம் சுமத்தியவை: கவுண்டிச் சிறையை நடத்துவது, நீதிமன்றங்களுக்குப் பாதுகாப்புத் தருவது, எந்த நகராட்சிக்குள்ளும் சேராத பகுதிகளில் ரோந்தும் விசாரணையும் செய்வது. இவற்றுக்கான செலவு கவுண்டியின் பொது நிதியிலிருந்து வரும். இவற்றுக்கு வெளியே இன்னொன்று இருக்கிறது. நகராட்சியாகப் பதிவான ஊர் தன் காவலைத் தானே பார்த்துக்கொள்ளலாம். வேண்டுமானால் பணம் கொடுத்து ஷெரிஃபிடம் வாங்கிக்கொள்ளலாம்.

இந்த வாங்கல் முறை பெரிய அளவில் தொடங்கியது லேக்வுட்டில். 1954-ல் அந்த ஊர், பக்கத்துப் பெருநகரமான லாங் பீச் தன்னை விழுங்கிவிடாமல் இருக்கத் தனி நகராட்சியானது. ஆனால் சொந்தத் துறைகள் எதையும் கட்டாமல் காவல் உட்படப் பெரும்பாலான சேவைகளைக் கவுண்டியிடமே ஒப்பந்தத்தில் எடுத்துக்கொண்டது. அதைப் பார்த்து வேறு பல ஊர்களும் அதே வழியில் போயின. இன்று அந்தக் கவுண்டியின் 88 நகரங்களில் 42 ஷெரிஃப் துறையின் ஒப்பந்த நகரங்கள். நாட்டிலேயே மிகப் பெரிய ஷெரிஃப் துறை அது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

விலையை எப்படிப் போடுவது என்பதில் நெடுங்காலம் சச்சரவு இருந்தது. சொந்தக் காவல்துறை வைத்திருந்த நகரங்கள், தங்கள் வரிப்பணத்தில் ஒப்பந்த நகரங்களுக்குச் சலுகை போகிறது என்றன. 1970-களில் வந்த மாநிலச் சட்டம் ஒரு கோடு போட்டது: ஒப்பந்தச் சேவைக்காகும் செலவு முழுவதையும் கவுண்டி அந்த நகரத்திடமே வசூலிக்க வேண்டும். ஆனால் கவுண்டி முழுவதற்கும் பொதுவாகக் கிடைக்கும் சேவையின் செலவையும், கவுண்டி அரசை நடத்தும் பொதுச் செலவையும் அதில் சேர்க்கக் கூடாது. ஒரு சிறு நகரத்துக்கு ஷெரிஃப் ஏன் மலிவாகத் தெரிகிறார் என்பதற்கு விடை பெரும்பாலும் இந்தச் சட்ட வரிக்குள்தான் இருக்கிறது.

நகரமும் அதன் காவல்துறையும்

மேவுட் 1924-ல் நகராட்சியானது. பரப்பு 1.2 சதுர மைலுக்கும் குறைவு. 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 27,395 பேர். அவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர். குடியேற்ற ஆவணம் இல்லாதவர்கள் பலர். அந்த நாளில் கலிஃபோர்னியாவில் அவர்களுக்கு ஓட்டுநர் உரிமம் கிடைக்காது. காவலர்கள் சோதனைச் சாவடி போட்டு, உரிமமில்லாதவர்களின் கார்களை இழுத்துப் போவதும், அதை மீட்கக் குடும்பங்கள் நூற்றுக்கணக்கான டாலர் கட்டுவதும் வழக்கமாக இருந்தது. கூலி வேலைக்குப் போகும் ஒருவருக்கு ஒரு மாத வீட்டுச் செலவு அதிலேயே போய்விடும். 2005 தேர்தலில் அந்தக் கோபம் நகர மன்றத்தையே மாற்றியது. புதிய மன்றம் குடியேறிகளுக்கு அடைக்கலம் தரும் நகரமாக மேவுட்டை அறிவித்தது.

காவல்துறையின் மற்ற நோய்கள் தீரவில்லை. வேறு துறைகளில் சிக்கலுக்கு ஆளாகி வெளியேறியவர்களை அது வேலைக்கு எடுத்தது பத்திரிகைகளில் வந்தது. மேவுட் போன்ற சிறு துறைகள் குறைந்த சம்பளத்தில் ஆள் தேடும்போது இது அடிக்கடி நடக்கும். பயிற்சிக் கல்லூரியை முடித்த புது ஆளை வளர்க்கப் பணமில்லை. ஏற்கெனவே சான்றிதழ் வைத்திருப்பவர் நாளைக்கே ரோந்துக்குப் போவார். எடுத்தவரின் பழைய வரலாறு நகரத்தின் நஷ்டஈட்டுக் கணக்கில் சில ஆண்டு கழித்து வந்து சேரும்.

மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகம் மேவுட் காவல்துறையை விசாரித்தது. அளவுக்கு மீறிய பலப்பிரயோகம், காரணமில்லாமல் மக்களை நிறுத்திச் சோதிப்பது, புகார்களைச் சரியாக விசாரிக்காதது ஆகியவற்றை அது 2009-ல் பதிவு செய்தது. நீதிமன்றம் வழியாகச் சீர்திருத்தங்களும் விதிக்கப்பட்டன. பக்கத்து நகரமான கடஹியும் அப்போது மேவுட் காவலர்களிடமே ஒப்பந்தத்தில் காவல் பெற்று வந்ததால், அந்தத் துறையின் கோளாறு இரண்டு நகரங்களின் தெருக்களில் தெரிந்தது.

காப்பீடு போனது

துறையை முடித்து வைத்தது மாநில விசாரணை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அதைச் செய்தது காப்பீடு.

கலிஃபோர்னியாவில் சிறு நகரங்கள் தனித்தனியாகக் காப்பீடு வாங்குவது அரிது. பல நகரங்கள் கூடி ஒரு கூட்டுக் காப்பீட்டு அமைப்பு வைத்து, ஒருவர் இழப்பை எல்லோரும் பகிர்ந்துகொள்வார்கள். ஆகவே ஒரு நகரத்தின் காவலர் செய்யும் தவறுக்கு மற்ற உறுப்பினர்களும் பணம் கட்டுகிறார்கள். மேவுட் மீது வந்த கோரிக்கைகளில் பெரும் பகுதி காவல்துறையைப் பற்றியவை. கூட்டமைப்பு முதலில் நிபந்தனைகள் விதித்தது. நிரந்தர நகர மேலாளரை நியமிப்பதும் அவற்றில் ஒன்று. நகரம் அவற்றை நிறைவேற்றவில்லை. 2010 ஜூன் முடிவோடு காப்பீடு ரத்து என்று அறிவிப்பு வந்தது.

ரத்தானது ஒன்றல்ல, இரண்டு: பொதுப் பொறுப்புக் காப்பீடும், வேலையில் அடிபடும் ஊழியருக்கான காப்பீடும். இரண்டாவது போனதன் பொருளைக் கவனிக்க வேண்டும். அது இல்லாமல் ஒரு பூங்காக் காவலாளியைக்கூட வேலையில் வைத்திருக்க முடியாது. மேவுட் காவலர்களை மட்டுமல்லாமல் ஏறத்தாழ நூறு ஊழியர்களையும், அதாவது எல்லோரையும், வேலையிலிருந்து நீக்கியதற்குக் காரணம் இதுதான். வெளியே இருந்து பார்த்தவர்களுக்கு இது ஏதோ தனியார்மயப் பரிசோதனை போலத் தெரிந்தது. காப்பீடு உள்ள வேறொரு அரசின் ஊழியர்களைக் கொண்டு மட்டுமே அந்த நகரத்தால் இயங்க முடியும் என்ற நிலை அது.

ஜூன் 21: முடிவும் அதன் காரணமும்

அந்தத் திங்கட்கிழமை இரவு நகர மன்றம் காவல்துறையைக் கலைத்து, ஊழியர்களை விடுவித்து, காவலை ஷெரிஃபிடமும் மற்ற நகரப் பணிகளைப் பக்கத்து பெல் நகரத்திடமும் ஒப்படைக்க வாக்களித்தது. கையில் இருந்தது ஒன்பது நாள்.

மன்றத்தின் முன் மூன்று வழிகள் இருந்தன என்று கொள்ளலாம். வெளிச்சந்தையில் காப்பீடு வாங்கித் துறையைக் காப்பாற்றுவது முதலாவது. அந்த வரலாற்றோடு, பற்றாக்குறையில் இருந்த பட்ஜெட்டோடு அது கைக்கு எட்டாதது. பக்கத்து நகரக் காவல்துறையை ஒப்பந்தத்துக்கு எடுப்பது இரண்டாவது. ஆனால் அந்தத் துறையும் சிறியதாக இருந்தால், அதன் காப்பீட்டாளர் மேவுட்டின் அபாயத்தை ஏற்கச் சம்மதிக்க வேண்டும். அடுத்த வாரமே ரோந்துக்கு அனுப்ப மிச்சமான ஆளும் இருக்க வேண்டும். மூன்றாவது ஷெரிஃப். கவுண்டி தன் பொறுப்பைத் தானே தாங்கும் அளவுக்குப் பெரியது. ரோந்து நிலையம் ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருக்கிறது. ஒப்பந்தத்தின் வாசகம் நாற்பது நகரங்களில் பழகிய ஒன்று, புதிதாக எழுத வேண்டியதில்லை. ஒன்பது நாளில் நடக்கக் கூடியது இது ஒன்றுதான்.

சரியான முடிவா என்று கேட்டால், ஜூன் 21 அன்று வேறு முடிவு எடுத்திருக்க முடியாது. ஆனால் பேரம் பேச நேரமில்லாமல் வாங்கப்படும் எதுவும் விற்பவரின் நிபந்தனையில்தான் கிடைக்கும். காப்பீட்டாளரின் முதல் எச்சரிக்கை வந்த நாளிலேயே இந்த மூன்று வழிகளையும் எடைபோட்டிருக்க வேண்டும்.

வாங்கியது காவலர்களை அல்ல, மணிநேரத்தை

ஒரு ரோந்துக் காரை ஆண்டு முழுவதும் இரவும் பகலும் சாலையில் வைத்திருக்க 8,760 மணிநேரம் தேவை. விடுப்பு, பயிற்சி, நோய், நீதிமன்றச் சாட்சியம் எல்லாம் கழித்தால் ஒரு காவலர் ஆண்டுக்குத் தருவது ஏறத்தாழ 1,750 மணிநேரம். ஆக ஒரு காருக்கு ஐந்து பேர். இரண்டு கார் வேண்டுமானால் பத்துப் பேர். இதற்கு மேல் ஷிஃப்ட் சார்ஜென்ட்கள், துப்பறிவாளர்கள், வழக்குச் சொத்து அறைக்குப் பொறுப்பாளர், தலைமை அதிகாரி. அவசர அழைப்பு எடுக்கும் ஒரே நாற்காலிக்குக்கூட ஐந்து பேர் தேவை. இரவு மூன்று மணிக்கு ஒரு அழைப்பும் வராவிட்டாலும் அந்த நாற்காலி காலியாக இருக்க முடியாது. சிறு நகரத்தின் காவல் செலவை ஏற்றுவது ரோந்தைவிட இந்த நிலையான செலவுகள்தான். ஷெரிஃப் நிலையத்தில் அந்த நாற்காலியைப் பல நகரங்கள் பகிர்ந்துகொள்கின்றன.

லாஸ் ஏஞ்சலஸ் ஒப்பந்தத்தில் நகரம் தேர்வு செய்வது சேவை அலகுகளை. 56 மணிநேர அலகு என்றால் வாரத்தில் ஏழு நாளும் தினம் 8 மணிநேரம் ஒரு டெபுடி, அதாவது ஷெரிஃபின் காவலர், ஒரு காரோடு. அப்படி மூன்று அலகுகள் சேர்ந்தால் 168 மணிநேரம்: வாரம் முழுக்க இரவும் பகலும் ஒரு கார். டெபுடி விடுப்பில் போனால் மாற்றாளை அனுப்பும் செலவு இந்த விலைக்குள் அடங்கும். மாற்றாள் இல்லாத அலகும் உண்டு. அதை வாங்கிய நகரத்தில் அந்த டெபுடி விடுப்பில் இருக்கும் நாளில் அந்தப் பணி நடக்காது. போக்குவரத்துக்கோ பள்ளிக்கோ குடியிருப்புப் பிரச்சினைகளுக்கோ ஒரு சிறப்பு டெபுடி வேண்டும் என்பவர்கள் இதை எடுப்பார்கள். விலைப் பட்டியலில் இது குறைவாகத் தெரியும். ஏன் குறைவு என்று கேட்காமல் கையெழுத்திடும் நகரங்கள் உண்டு.

வாங்கிய அலகு தரப்பட்டதா என்பதை நிமிடத்தில் அளக்கிறார்கள். 56 மணிநேர அலகு ஆண்டுக்கு 2,920 மணிநேரம், அதாவது 1,75,200 நிமிடம். டெபுடி எந்த நகரத்துக்கு எத்தனை நிமிடம் வேலை செய்தார் என்பது அவருடைய தினசரிப் பணிப் பதிவிலிருந்து கணக்காகும். பக்கத்து நகரத்தில் துப்பாக்கிச் சூடு என்றால் மேவுட் காரும் ஓடும். அந்த நிமிடம் அந்த நகரத்தின் கணக்கில் போக வேண்டும். பதிவு சரியில்லை என்றால் இங்கேதான் சரியிருக்காது. ஆண்டுக் கடைசியில் மொத்த நிமிடம் பொருந்தியிருக்கலாம், ஆனால் வெள்ளி இரவில் கார் இல்லாமல் செவ்வாய் காலையில் இரண்டு கார் நின்றிருக்கலாம். மொத்தத்தை மட்டும் பார்க்கும் நகர அலுவலகத்துக்கு இது தெரியவே தெரியாது.

விலைக்குள் வராமல் கிடைப்பவையும் இருக்கின்றன. கொலை விசாரணைப் பிரிவு, வெடிகுண்டுப் பிரிவு, ஹெலிகாப்டர், ஆயுதமேந்திய முற்றுகைக்கான சிறப்புப் படை போன்றவை கவுண்டி முழுவதற்குமான சேவைகள். சிறு நகரக் காவல்துறை ஒரு கொலை வழக்கில் இரண்டு துப்பறிவாளர்களையும் மாதக்கணக்கில் கட்டிப்போட்டுவிடும். பெரிய துறைக்கு அது அன்றாட வேலை.

பொறுப்புக் காப்பீட்டுக்கும் விடை இருந்தது. ஒப்பந்தத் தொகையில் ஒரு குறிப்பிட்ட சதவீதம் கூடுதலாக வசூலிக்கப்பட்டு, ஒப்பந்த நகரங்களுக்கான பொது நிதியில் சேரும். டெபுடிகளின் செயலால் வரும் நஷ்டஈடு அதிலிருந்து போகும். மேவுட்டுக்குக் கிடைக்காமல் போன காப்பீடு இந்த வழியில் திரும்ப வந்தது.

கைமாற்றம்: எங்கே தவறும்

கார்களும் சீருடைகளும் மாறுவதைத்தான் மக்கள் பார்ப்பார்கள். ஒரு காவல்துறை மூடப்படும்போது கவனமாக மாற்ற வேண்டியவை வேறு. கீழ்க்கண்டவை இத்தகைய எந்தக் கைமாற்றத்திலும் செய்தாக வேண்டிய வேலைகள்.

முதலில் 911, அதாவது அவசர அழைப்பு எண். தரைவழித் தொலைபேசி அழைப்பு எந்த நிலையத்துக்குப் போக வேண்டும் என்பதை ஒரு முகவரிப் பட்டியல் முடிவு செய்கிறது: தெருப் பெயர், கதவு எண்ணின் வரம்பு, பொறுப்பான அமைப்பு. நகரத்தின் ஒவ்வொரு வரியிலும் பொறுப்பு அமைப்பை மாற்றி, தொலைபேசி நிறுவனம் அதை ஏற்றி, மாற்றத்துக்கு முன் சோதனை அழைப்புகள் செய்து பார்க்க வேண்டும். தவறு வழக்கமாக எல்லைத் தெருக்களில் நேரும். ஒரே தெருவின் இரட்டை எண் பக்கம் ஒரு நகரம், ஒற்றை எண் பக்கம் வேறு நகரம் என்று இருக்கும் இடங்கள் மேவுட் சுற்றுப்புறத்தில் நிறைய. செல்போன் அழைப்பு கோபுரத்தின் திசையைப் பொறுத்துப் போவதால் அதைத் தனியாகச் சோதிக்க வேண்டும். பழைய நிலையத்தின் பத்து இலக்க எண்ணை உடனே துண்டிக்கவும் கூடாது. முதியவர்கள் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வைத்திருப்பது அந்த எண்ணைத்தான். பல மாதங்களுக்கு அது புதிய நிலையத்துக்குத் திருப்பி விடப்பட வேண்டும்.

அடுத்தது தேசியக் குற்றத் தகவல் தளம். திருட்டுப் போன கார், காணாமல் போனவர், பிடியாணை ஆகியவை அதில் பதிவிட்ட அமைப்பின் அடையாள எண்ணோடு இருக்கும். வேறு மாநிலத்தில் ஒரு காவலர் அந்தக் காரை நிறுத்தினால், பதிவு இன்னும் செல்லுமா என்று அந்த அமைப்பைக் கேட்பார். அவசரம் என்றால் 10 நிமிடத்தில், இல்லாவிட்டால் ஒரு மணிநேரத்தில் பதில் தர வேண்டும். மூடிய காவல்துறையின் எண்ணில் பதில் சொல்ல ஆளில்லை. அப்போது தேடப்படுபவர் விடுவிக்கப்படுவார், அல்லது காரை ஏற்கெனவே மீட்டுவிட்ட உரிமையாளர் துப்பாக்கி முனையில் நிறுத்தப்படுவார். ஒவ்வொரு பதிவையும் மூல ஆவணத்தோடு ஒப்பிட்டு, செல்லாததை நீக்கி, செல்லுபடியாவதைப் புதிய அமைப்பின் எண்ணில் மறுபடி ஏற்ற வேண்டும். குடும்ப வன்முறை வழக்குகளின் தடை உத்தரவுகளுக்கும் இதே கவனம் வேண்டும். பாலியல் குற்றத் தண்டனை பெற்றவர்கள் ஆண்டுதோறும் பிறந்தநாளிலிருந்து 5 வேலை நாட்களுக்குள் உள்ளூர்க் காவல் அமைப்பில் பதிய வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. எங்கே போய்ப் பதிவது என்று அவர்களுக்கு முன்கூட்டியே தெரிவிக்காவிட்டால், பதியாத குற்றம் அவர்கள் தலையில் விழும்.

வழக்குச் சொத்து அறைதான் எல்லாவற்றிலும் கடினம். துப்பாக்கி, போதைப்பொருள், பணம் இந்த மூன்றையும் தனித்தனியாக, இரண்டு பேர் சேர்ந்து எண்ண வேண்டும். பணத்தை உறையைத் திறந்து எண்ண வேண்டும், வெளியே எழுதியிருப்பதை நம்பக் கூடாது. பதிவேட்டில் இருந்து பொருள் இல்லாதது ஒரு பட்டியல், பொருள் இருந்து பதிவில்லாதது இன்னொரு பட்டியல். இரண்டிலும் ஒப்படைப்பவரும் ஏற்பவரும் கையெழுத்திட வேண்டும். இதைச் செய்யாமல் பெட்டிகளை வேனில் ஏற்றினால், ஆறு மாதம் கழித்து நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்கும் முதல் கேள்விக்கே பதில் இருக்காது. நடுவில் நிற்கும் வழக்குகளில் சாட்சி சொல்ல வேண்டியவர்கள் வேலை இழந்த காவலர்கள். அவர்களுடைய முகவரியும் சம்மன் அனுப்பும் வழியும் மாவட்ட வழக்கறிஞர் அலுவலகத்துக்குக் கடைசி நாளுக்கு முன்பே போயாக வேண்டும்.

கைதானவர்களைக் கொண்டுபோகும் தூரமும் மாறும். மேவுட்டுக்குப் பொறுப்பான நிலையம் கிழக்கு லாஸ் ஏஞ்சலஸில் இருக்கிறது; இடையில் ரயில் யார்டுகளும் 710 நெடுஞ்சாலையும். ஒரு டெபுடி ஒருவரைக் கைது செய்து நிலையத்துக்குக் கொண்டுபோய்ப் பதிவு முடித்துத் திரும்பும்வரை, நகரம் வாங்கிய கார் நகரத்துக்குள் இல்லை. எத்தனை கார் வாங்குவது என்று கணக்கிடும்போது இந்த நேரத்தைச் சேர்க்காமல் விடுவது பெரிய பிழை.

பழைய காவலர்கள் தாமாகவே டெபுடிகள் ஆகிவிடுவதில்லை. விண்ணப்பித்து, பின்புல விசாரணை முடிந்து, தேறியவர்கள் மட்டுமே சேர முடியும். மேவுட் போன்ற இடத்தில் அது அவசியமான வடிகட்டல். ஆனால் அந்தத் தெருக்களை அறிந்த நேர்மையான காவலர்களும் அதில் போய்விடுவார்கள். எந்தச் சந்தில் எந்தக் கும்பல், எந்த வீட்டில் மாதாமாதம் அடிதடி என்பதெல்லாம் ஆவணத்தில் முழுதாக இருப்பதில்லை.

கடைசியாகப் பழைய கடன். துறை போனாலும் அது செய்தவற்றுக்கான பொறுப்பு நகரத்திடமே நிற்கும். கலிஃபோர்னியாவில் அரசு அமைப்பின் மீது காயத்துக்கான கோரிக்கையை 6 மாதத்துக்குள் தர வேண்டும். குடிமை உரிமை மீறலுக்கான மத்திய வழக்கைத் தொடுக்க 2 ஆண்டு அவகாசம் உண்டு. பாதிக்கப்பட்டவர் சிறுவர் என்றால் காலம் இன்னும் நீளும். ஆகவே ஜூன் 30-க்குப் பிறகும் புதிய வழக்குகள் வரும். அவற்றில் வாதாட வேண்டிய பணியாளர் கோப்புகள், புகார் விசாரணைகள், ரோந்துக் கார் ஒலிப்பதிவுகள் எல்லாம் நகரத்தின் பாதுகாப்பில் பத்திரமாக இருக்க வேண்டும்.

பின்பு நடந்தவை

ஜூலை 1 கடந்தது. பத்திரிகையாளர்கள் பலர் மேவுட்டுக்கு வந்து பார்த்தார்கள். ரோந்து நடந்தது, பூங்காக்கள் திறந்திருந்தன, நகரம் இயங்கியது.

இரண்டே வாரத்தில் மற்றப் பாதி உடைந்தது. மேவுட்டின் நிர்வாகத்தை ஏற்ற பெல் நகரத்தைப் பற்றி நிருபர்கள் விசாரிக்கப் போக, பெல் நகர மேலாளர் ஆண்டுக்கு ஏறத்தாழ 8 லட்சம் டாலர் சம்பளம் எடுப்பது வெளிவந்தது. கைதுகளும் தண்டனைகளும் தொடர்ந்தன. நிர்வாக ஒப்பந்தம் முறிந்தது. ஷெரிஃப் ஒப்பந்தம் நின்றது. ஒரே இரவில் கையெழுத்தான இரண்டு ஒப்பந்தங்களில் ஒன்று நிலைத்ததற்குக் காரணம் புரிந்துகொள்ளக் கூடியது: ஷெரிஃபின் பக்கத்தில் பல பத்தாண்டுப் பழக்கமும், பொது விலைப்பட்டியலும், கவுண்டியின் தணிக்கையும் இருந்தன. பெல்லின் பக்கத்தில் சில மனிதர்களின் வாக்குறுதி மட்டுமே இருந்தது.

கடஹியும் ஷெரிஃபிடம் சென்றது. இன்று இரு நகரங்களும் கிழக்கு லாஸ் ஏஞ்சலஸ் நிலையத்தின் கீழ்.

ஆனால் அந்த நிலையம் தன் சொந்தப் பிரச்சினையைச் சுமந்துகொண்டிருந்தது. டெபுடிகளுக்குள் பச்சை குத்திக்கொண்ட ரகசியக் குழு ஒன்று அங்கே ஆதிக்கம் செலுத்துவதாகப் புகார்கள் வந்தன. 2018-ல் ஒரு விருந்துக்குப் பிறகு தங்களைச் சக டெபுடிகள் தாக்கியதாகச் சொல்லி, 2019-ல் டெபுடிகள் சிலரே வழக்குத் தொடுத்தார்கள். காவல் அமைப்புகளுக்குள் இத்தகைய குழுக்களைத் தடை செய்யும் மாநிலச் சட்டம் 2021-ல் நிறைவேறியது. கவுண்டியின் குடிமக்கள் கண்காணிப்பு ஆணையத்துக்காகத் தயாரான விரிவான அறிக்கை 2023-ல் வெளியானது.

தன் காவலர்களின் நடத்தையால் துறையைக் கலைத்த நகரம், நடத்தை குறித்து வழக்கைச் சந்தித்த நிலையத்தின் வாடிக்கையாளர் ஆனது. முன்பு மேவுட் மன்றம் நினைத்திருந்தால் தலைமை அதிகாரியை மாற்றியிருக்கலாம். இப்போது அதற்கு அந்த அதிகாரம் இல்லை. ஒரு டெபுடியை ஒழுங்கு நடவடிக்கைக்கு உட்படுத்த முடியாது, உள் விசாரணைக் கோப்பைக் கேட்டு வாங்க முடியாது, கொள்கையை மாற்றச் சொல்லி ஆணையிட முடியாது. நிலையத்தின் கேப்டனிடம் முறையிடலாம். புதிய கேப்டனை நியமிக்கும்போது ஒப்பந்த நகரங்களின் கருத்தைக் கேட்கும் வழக்கம் உண்டு, அங்கே பேசலாம். மணிநேரத்தைக் குறைத்து வாங்கலாம். ஷெரிஃபைத் தேர்ந்தெடுக்க மேவுட்வாசிகள் வாக்களிக்கலாம். ஆனால் ஒரு கோடி மக்கள் உள்ள கவுண்டியில் அந்த நகரத்தின் வாக்கு எவ்வளவு என்பது தெரிந்ததே.

விலையும் ஏறியது. பொறுப்பு நிதிக்கான கூடுதல் சதவீதம், கவுண்டி முழுவதும் நஷ்டஈடுகள் பெருகியதால், பின்னாளில் 10 சதவீதத்தைத் தாண்டியது. வேறு நகரத்தில் ஒரு டெபுடி செய்த தவறுக்கு மேவுட்டும் பங்கு கட்டுகிறது. 2010-க்கு முன் மேவுட்டின் தவறுக்கு மற்ற நகரங்கள் கட்டின.

இதே நிலையில் வேறு விதமாகச் செய்ய வேண்டியவை

காப்பீட்டாளர் நிபந்தனை விதித்த நாளையே ஆபத்து நாளாகக் கொள்ள வேண்டும். அன்றே ஷெரிஃபிடம் செலவு மதிப்பீடு கேட்கலாம். கேட்பதால் நகரம் எதற்கும் கட்டுப்படாது. அந்த மதிப்பீடு கையில் இருந்தால் காவலர் சங்கத்தோடும் காப்பீட்டாளரோடும் பேசும் பேச்சின் தரமே மாறும். கைமாற்றத்துக்கு ஆறு மாதம் வேண்டும். அதில் பாதி வழக்குச் சொத்துக்கும் பதிவுகளுக்கும் போகும்.

ஒப்பந்தத்தை வாங்குவதோடு, அதைக் கண்காணிக்க ஒருவரை நகரம் தன் செலவில் வைத்திருக்க வேண்டும். காவல் அனுபவம் உள்ளவராக இருந்தால் நல்லது. அவர் மாதந்தோறும் மொத்த நிமிடத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தாமல் நாள்வாரியாக, ஷிஃப்ட் வாரியாகப் பார்க்க வேண்டும். அவசர, முன்னுரிமை, சாதாரண அழைப்புகளுக்குச் சென்றடையும் நேரத்தைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும். சராசரியை மட்டும் தரும் அறிக்கையைத் திருப்பி அனுப்ப வேண்டும், ஏனென்றால் பத்து விரைவான அழைப்புகள் ஒரு மோசமான தாமதத்தை மறைத்துவிடும். மக்களின் புகார்களை நகர அலுவலகமே ஸ்பானிய மொழியிலும் வாங்கி, எண் கொடுத்து, நிலையத்துக்கு அனுப்பி, என்ன ஆனது என்று 30 நாளில் கேட்க வேண்டும். புகாரின் முடிவு ரகசியம் என்று பதில் வரலாம். எத்தனை புகார் போனது, எதைப் பற்றியது, எந்த ஷிஃப்டில் நடந்தது என்பது நகரத்தின் சொந்தப் பதிவு. அதை மன்றக் கூட்டத்தில் வெளிப்படையாக வைக்கத் தடை எதுவும் இல்லை. கார் பறிமுதல் எண்ணிக்கையையும் அதே கூட்டத்தில் வைக்க வேண்டும், ஏனென்றால் மேவுட்டில் நம்பிக்கை முதலில் உடைந்தது அங்கேதான்.

திரும்பிப் போகும் வழி ஏறத்தாழ அடைபட்டது என்பதையும் மன்றம் வாக்களிக்கும் முன்பே அறிந்திருக்க வேண்டும். அதே கவுண்டியில் காம்ப்டன் நகரம் 2000-ல் தன் துறையைக் கலைத்து ஷெரிஃபிடம் சென்றது. பின்னர் சொந்தத் துறையை மறுபடி தொடங்க முயன்று நிதி இல்லாமல் கைவிட்டது. ஒப்பந்தத்தை முடிக்க முன்னறிவிப்புக் கடிதம் போதும். ஆனால் புதிய துறைக்குத் தலைமை அதிகாரி, பின்புல விசாரணை முடித்த காவலர்கள், ஆறு மாதப் பயிற்சிக் கல்லூரியும் அதன்பின் களப் பயிற்சியும், வானொலி, வழக்குச் சொத்து அறை, மாநில அனுமதிகள், முதல் நாளிலிருந்தே காப்பீடு எல்லாம் வேண்டும். அந்தக் காலம் முழுவதும் ஷெரிஃபுக்கும் பணம் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். எனவே காவல் நிலையக் கட்டடத்தையும் வானொலி அலைவரிசை உரிமத்தையும், அவசரப் பணத்தேவையில் முதல் ஆண்டிலேயே விற்றுவிடாமல் வைத்திருப்பது நல்லது.